கருப்பை வாயில் ஒரு தையல்

எங்கள் முதல் குழந்தை கொள்ளேகாலத்துக்குப் பக்கத்தில் என் தாய்வீட்டில் பிறந்தது. ஆண் குழந்தை. தலை பெரிது. வலி எடுத்த உடனேயே சுற்றியிருந்தவர்கள் "முக்கு, முக்கு" என்றார்கள். நானும் பலம் உள்ளவரை முக்கினேன். வழி இன்னும் திறக்கவில்லை, பொறுத்திருக்க வேண்டும் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மருத்துவச்சி கையை உள்ளே விட்டு இழுத்துத்தான் எடுத்தாள். குழந்தை அழவில்லை. அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் துணிந்து எடுத்திராவிட்டால் அன்றைக்கு என்னையும் சேர்த்துத்தான் தூக்கிப் போயிருப்பார்கள்.

உடம்பு தேறியதும் மைசூருக்குத் திரும்பி வந்தேன். என் கணவர் அங்கே பட்டுநூல் கடை ஒன்றில் வேலையாக இருந்தார். மாமியாரும் எங்களோடு இருந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் குடியிருந்தது மைசூரில் வட்டாரம் என்று சொல்லும் வகை வீடு; நடுவில் ஒரு முற்றம், அதைச் சுற்றிச் சிறுசிறு குடித்தனங்கள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழாய், ஒரே துணி துவைக்கும் கல். மகாராஜா காலத்தில் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் வரும். எனக்குத்தான் அந்தக் குழாயடிக்குப் போவது வேதனையாக இருந்தது.

ஏனென்றால் அந்தப் பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வெள்ளைப்பட ஆரம்பித்திருந்தது. முதலில் சளி மாதிரி, பிறகு மஞ்சளாக, நாற்றத்தோடு. இடுப்பு எந்நேரமும் விட்டுப்போவது போல வலிக்கும். கணவர் பக்கத்தில் வந்தால் அன்றைக்கு ரத்தமும் கலந்து வரும். நாளெல்லாம் துணி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் துணிகளை எல்லாரும் எழுந்துவருமுன் அலசி, கொடியில் புடவைக்கு அடியில் மறைத்து உலர்த்துவேன். அவை சரியாக உலராது. ஈரவாடையோடு அதையே மறுபடி எடுத்து வைத்துக்கொள்வேன்.

கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றே: உடம்புச் சூடு. வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன். இளநீர் குடித்தேன். கற்றாழைச் சோற்றை ஏழெட்டுத் தண்ணீரில் கழுவி விழுங்கினேன். வாய் குளிர்ந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அடுத்த வருஷம் மறுபடி உண்டானேன். ஐந்தாம் மாதம் குழந்தை அசைவது தெரிந்த கொஞ்ச நாளில், அடுப்பங்கரையில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தபோது, வலி என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லாமல், தண்ணீர் உடைந்து எல்லாம் போய்விட்டது. அதற்கு அடுத்ததும் அப்படியே. அந்த முறை நான் கனமாக எதையும் தூக்கவில்லை, படி ஏறவில்லை, காரம் புளி தின்னவில்லை. சும்மா உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்து ஒரு சாமான் நழுவுவது போல நழுவிவிட்டது. வலித்திருந்தாலாவது எதனோடோ போராடினோம் என்ற நினைப்பு இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து அத்தையின் அண்ணன் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, நான் உள்ளே இருப்பது தெரிந்தே பேச்சை எடுத்தார்.

"தங்கச்சி, இந்தப் புள்ளைக்கு வவுறு நிக்காது. பையனுக்கு வயசு போயிட்டே இருக்குது. இவளும் இருக்கட்டும், ஒண்ணும் தள்ளி வெக்கச் சொல்லுல. இன்னொண்ணுக்கு ஏற்பாடு பண்ணலாமா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அத்தை என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. என்னிடம் கொஞ்சினதும் இல்லை, கடிந்ததும் இல்லை.

"ஏனுங்கண்ணா," என்றார் அத்தை. "நம்ம மாடு கன்னு போடுலன்னா முந்தி என்ன பண்ணுவம்? என்ன நோவுன்னு வைத்தியங்கிட்டக் கேப்பமா, இல்ல அடுத்த நாளே சந்தைக்குப் போயி இன்னொண்ணு புடிச்சாருவமா? மாட்டுக்குப் பாக்கறத இவளுக்குப் பாக்க வேண்டாமுங்களா?"

அவர் ஏதோ முணுமுணுத்தார். அத்தை வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். நான் உள்ளே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். என்னை மாட்டோடு சேர்த்துப் பேசியதற்காக அல்ல. எனக்கு இருப்பது ஒரு நோவு, அதற்கு வைத்தியம் இருக்கலாம் என்று முதல்முதலில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னதற்காக.

ஆனால் எந்த வைத்தியரிடம் போவது? அதைச் சொன்னவர் எங்கள் முற்றத்துக்கு எதிர்வீட்டில் இருந்த நர்ஸம்மா. கிறிஸ்தவத் தமிழர், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை. வெள்ளை உடுப்போடு விறுவிறுவென்று போவார், வருவார். ஒரு நாள் காற்றில் என் புடவை விலகி, அடியில் இருந்த துணிகள் வெளியே தெரிந்தன. நான் ஓடிப்போய் மூடுவதற்குள் அவர் பார்த்துவிட்டார். கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"ஏன்ம்மா, இது எஷ்டு நாளா?"

எவ்வளவு நாளாக என்று கன்னடத்தைக் கலந்துதான் அவர் கேட்பார். நான் புடவையை இழுத்து அந்தத் துணிகளை மூடினேன்.

"முதல்ல இந்தத் துணிய வெயில்ல போடுங்க. யார் பார்த்தா என்ன? நெழல்ல காஞ்ச துணியே நோய் கொண்டுவரும். அப்புறம் நாளைக்கு நம்ம ஆஸ்பத்திரிக்கு வாங்க. அங்க பொம்பள டாக்டர்தான். உங்க தமிழும் அவங்களுக்குக் கொஞ்சம் அர்த்தமாகும்."

"சூடுன்னு சொல்றாங்களே?" என்றேன்.

"உள்ள பார்க்காம யார் சொன்னாலும் நம்பாதீங்க," என்றார்.

மறுநாள் அத்தையும் நானும் ஜட்கா வண்டி பிடித்துப் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் விதவிதமான பெண்கள் காத்திருந்தார்கள். பட்டுப்புடவை கட்டினவர்கள், வயல்வேலையிலிருந்து அப்படியே வந்தவர்கள், முக்காடு போட்டவர்கள். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரியான பார்வை. தரையைப் பார்க்கிற பார்வை. நான் மட்டும்தான் இப்படி என்று இரண்டு மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வராந்தாவைப் பார்த்ததே எனக்குப் பாதி மருந்து.

டாக்டரம்மா குள்ளமானவர், கண்ணாடி போட்டவர், மதராஸில் படித்தவர் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். என்னை உயரமான மேசையில் படுக்கச் சொன்னார். ஒரு பளபளக்கும் கருவியை அவர் கையில் எடுத்ததும் நான் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். நர்ஸம்மா என் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"ஹெதரபேடம்மா," என்றார் டாக்டர். பயப்படாதே என்று அர்த்தம். "இது கத்தி இல்லை. கதவு. கதவு தெறக்காம வீட்டுக்குள்ள எப்படிப் பாக்கறது?"

குளிர்ந்த இரும்பு பட்டது. வலி இல்லை, கூச்சம்தான். அவர் விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, வெகு நேரம் பார்த்தார். இடையிடையே கேள்வி கேட்டார். முதல் பிரசவம் எப்படி நடந்தது? கருக்கலைந்தபோது வலி வந்ததா? புருஷனோடு இருந்தால் ரத்தம் வருமா? கடைசிக் கேள்விக்குத் தலையை மட்டும் அசைத்தேன். அவர் கேட்ட ஒவ்வொன்றும் எனக்கு நடந்ததாகவே இருந்தது. என் வீட்டுக்குள் வந்து பார்த்தவர் போல எப்படிக் கேட்கிறார் என்று ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அத்தையையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "கூத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டினார். அத்தை நாற்காலியில் உட்காரவில்லை, சுவரோரம் நின்றார். டாக்டரின் கண் அத்தையின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் விழுந்தது.

"அதைக் கொடுங்க," என்று வாங்கினார். சுருக்குக் கயிற்றை இழுத்து மூடிக் காட்டினார். "கர்ப்பப்பை இது மாதிரி. இது அதன் வாய். கர்ப்பமா இருக்கும்போது இந்த வாய் கெட்டியா மூடியிருக்கணும். பிரசவ நேரத்தில மெள்ள மெள்ளத் தெறக்கணும். இவளுக்குத் தெறக்கறதுக்கு முந்தியே புள்ளையை இழுத்துட்டாங்க. ரெண்டு பக்கமும் கிழிஞ்சுபோச்சு." பையின் வாயோரத்தை விரலால் விலக்கிக் காட்டினார். "கிழிஞ்ச வாய் மூடாது. குழந்தை சின்னதா இருக்கிற வரைக்கும் நிக்கும். கனம் வந்தா நழுவும். உள்பக்கத்துத் தோல் வெளியே பிதுங்கி, புண்ணாகி, சீழ் பிடிச்சிருக்கு. வெள்ளை அதனாலதான். இடுப்பு வலியும் அதனாலதான்."

அத்தை பையைத் திரும்ப வாங்கி, அதன் வாயோரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதத் தைக்க முடியுங்களா?" என்று கேட்டார்.

"முடியும். ஆனா அழுக்குத் துணியில தையல் நிக்காது. முதல்ல புண் ஆறணும்."

அப்போதெல்லாம் இப்போதுபோல ஊசி ஒன்று போட்டுக் காய்ச்சலையும் சீழையும் விரட்டுகிற மருந்து வரவில்லை. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். புண்ணின்மேல் ஏதோ மருந்தைத் தடவுவார்கள், சுருக்கென்று இருக்கும். கிளிசரினில் தோய்த்த பஞ்சை வைத்து அனுப்புவார்கள். அந்த மருந்துக்குத் தார் மாதிரி ஒரு வாடை. வீட்டில் வெந்நீர் வைத்து உள்ளே கழுவிக்கொள்ள ஒரு ரப்பர் குழாயும் கொடுத்தார்கள். அதைச் செய்ய மறைவான இடம் வேண்டும். பொதுக் குளியலறையில் நான் இருக்கும்போதெல்லாம் அத்தை வெளியே காவல் நின்றார். யாராவது அவசரப்படுத்தினால், "கொஞ்சம் பொறுங்க, என்ற மருமவளுக்கு வைத்தியம் நடக்குது" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. நாலைந்து முறை கேட்டபின் அந்த வார்த்தை பழகிவிட்டது. தலைவலிக்கு வைத்தியம், காலில் முள்ளுக்கு வைத்தியம் என்பதுபோல அதுவும் ஒன்றாகிவிட்டது.

என் கணவரையும் டாக்டர் வரச் சொன்னார். அவருக்கும் சோதனை வேண்டும், வியாதி அவரிடமிருந்து வந்து ஒட்டியிருக்கவும் கூடும் என்றார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்தேன். அந்தக் காலத்தில் ஆண்பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்டால் வீடு இரண்டாகும். சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அப்படியும் இருக்குமா?" என்றார்.

"டாக்டரம்மா எல்லாத்தையும் பார்த்துடோணுங்கறாங்க."

"செரி. நாளைக்குக் கடைக்கு மத்தியானமாப் போறேன்னு சொல்லீட்டு வர்றேன்."

ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தார். அவரிடம் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. "பாத்தாச்சு, ஒண்ணுமில்ல" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பெண்கள் தங்கள் கதையை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கணவர்களில் அந்த வாசற்படியை ஏறியவர்கள் மிகக் குறைவு. அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை, பின்னால்தான் தெரிந்தது.

புண் ஆறியபின் அறுவைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். மூக்கில் மருந்துத் துணியை வைத்து எண்ணச் சொன்னார்கள். நான் கன்னடத்தில் எண்ணத் தொடங்கித் தமிழில் முடித்தேனாம். நர்ஸம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். விழித்தபோது வாயெல்லாம் கசப்பு. டாக்டர் வந்து, "தெச்சாச்சு. நல்ல தையல். மெள்ளமா ஆறட்டும்" என்றார்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மா இருந்தார். காவிரி ஓரக் காட்டை ஒட்டிய கோபிநத்தத்திலிருந்து வந்தவர். எங்கள் பேச்சும் அவர் பேச்சும் ஒன்று என்று தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்தது போல ஆயிற்று. அதுவரை கன்னடம் தெரியாமல் வாய் அடைத்துக் கிடந்தார். காட்டுவேலை செய்து உரமேறிய கைகள். உடம்பு மட்டும் வற்றிப்போயிருந்தது. அவர் கட்டிலைச் சுற்றி ஒரு நாற்றம் எப்போதும் இருந்தது. நர்ஸம்மா பன்னீர் மாதிரி ஏதோ தெளிப்பார், அதையும் மீறி வரும். அத்தை எனக்குக் கொண்டுவரும் ரசச்சாதத்தில் அவருக்கும் ஒரு பங்கு கொண்டுவர ஆரம்பித்தார்.

ஒரு மத்தியானம் அத்தை அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவர் தானாகவே சொன்னார்.

"எனக்குத் தூரம் நின்னு மூணு வருசம் ஆச்சுங்க. அப்புறமேலு ஒரு நாளு துளியாப் பட்டுது. நெசமாச் சொல்றனுங்க, எனக்கு சந்தோசமா இருந்துச்சு. இன்னும் வயசு போயிரலைன்னு நெனச்சுட்டன். வலி இல்ல, நோவு இல்ல. அப்படியே உட்டுட்டன். களை எடுக்கையில கூடுதலாப் படும். அப்புறம் நிக்கவே இல்ல. இப்ப டாக்டரம்மா பாத்துப்போட்டு, ரத்தம் கண்டப்பவே வந்திருக்கோணும்னாங்க. கண்டப்பத்தான் நான் சிரிச்சுட்டிருந்தனுங்களே."

அத்தையின் கை சீப்போடு அப்படியே நின்றது. பிறகு மறுபடி வார ஆரம்பித்தார்.

அந்த அம்மாவுக்குக் கருப்பை வாயில் புற்று. அறுத்து எடுக்கும் கட்டம் தாண்டி இரண்டு பக்கமும் பரவிவிட்டது. மதராஸில் ரேடியம் வைத்துப் பார்க்கிறார்கள், ஆனால் இது அதற்கும் மிஞ்சிவிட்டது என்று டாக்டர் சொன்னதாக நர்ஸம்மா என்னிடம் சொன்னார். வலிக்கு மருந்து கொடுத்து வைத்திருந்தார்கள்.

அத்தை அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பவில்லை. வாசல்வரை போவார், திரும்பி வருவார். கடைசியில் என் கட்டிலோரம் வந்து குனிந்தார்.

"அம்மிணி, எனக்கும் அப்படித்தான் படுது."

எனக்கு விளங்கவில்லை.

"தூரம் நின்னு போனதுக்கப்புறம். ரெண்டு மழைக்காலம் ஆச்சு. அப்பப்போ. துளிதான்." அவர் குரல் தேய்ந்தது. "உன்ற புருசங்கிட்டச் சொல்லீறாதே."

என்னை வண்டியில் ஏற்றி இந்த வாசலுக்குக் கூட்டி வந்தவர், வாரக்கணக்கில் வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தவர், அத்தனை நாளும் இதை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். டாக்டர் சுற்றி வந்தபோது, அத்தை என் தொடையைக் கிள்ளியும் கேட்காமல் நான் சொல்லிவிட்டேன்.

டாக்டர் கண்ணாடியைத் தூக்கி அத்தையைப் பார்த்தார். "பன்னி" என்றார், வாருங்கள் என்று. அவ்வளவுதான்.

அவர்கள் உள்ளே போன பின் நான் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா கண்மூடிக் கிடந்தார். எனக்கு அவரைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தோடு வந்து என்னிடம் காட்டினார். உள்ளே குந்துமணி போலச் செக்கச்செவேல் என்று ஒரு சதைத் துணுக்கு.

"உங்க அத்தையோடது. கர்ப்பவாயில காம்பு மாதிரி தொங்கிட்டிருந்தது. டாக்டரம்மா திருகி எடுத்துட்டாங்க. பார்த்தா சாதுவாத்தான் இருக்கு. ஆனா பார்த்ததோட விடக்கூடாது. பெங்களூருக்கு அனுப்பி பூதக்கண்ணாடியில பார்த்துத்தான் சொல்லணும்."

பதில் வரும்வரை எங்களில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவருக்கும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் தினமும் கடைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கிக் கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் காலை ஜட்காவை வெளியே நிற்க வைத்துவிட்டு வார்டு வாசலில் வந்து நின்றார். ஆண்கள் உள்ளே வரக்கூடாது. வாசலிலிருந்தே கையை அசைத்து, "கெட்டது இல்லியாம்!" என்று கத்தினார். மொத்த வார்டும் திரும்பிப் பார்த்தது.

அத்தை முதலில் சிரித்தார். "இந்தத் துண்டுச் சதைக்கா ரெண்டு வருசம் தூக்கங் கெட்டுக் கெடந்தேன்!" என்றார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பக்கத்துக் கட்டிலில் போய் உட்கார்ந்து, அந்த அம்மாவின் கால்களை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிடத் தொடங்கினார். அந்த அம்மாதான் முதலில் பேசினார்:

"கேட்டனுங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு. நல்லா இருக்கோணும்."

சில நாளில் அவர் மகன் வந்து ஊருக்குக் கூட்டிப்போனார். கொள்ளேகாலம் வரை பஸ், அதற்குமேல் மாட்டுவண்டி. கிளம்பும்போது அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கூருல இதச் சொல்றதுக்கு ஆளில்லீங்க. நீங்க போற பக்கமெல்லாம் சொல்லுங்க" என்றார். அந்த மழைக்காலத்துக்குள் அவர் போய்விட்டார் என்று ஊர்ப்பக்கம் போய்வந்த ஒருவர் சொன்னார். அவர் பேசியிராவிட்டால் அத்தை கடைசிவரை வாய் திறந்திருக்க மாட்டார். அத்தைக்கு இருந்தது சாதுவான சதையாகப் போயிற்று, இல்லாமலும் போயிருக்கலாம். அதனால் அந்த அம்மாவை நினைக்காமல் நான் ஒரு கார்த்திகை விளக்கும் ஏற்றியதில்லை.

அதிகம் பேசாத அத்தை அதற்குப் பிறகு பேசுகிறவராகிவிட்டார். குழாயடியில், சந்தையில், நஞ்சன்கூடு போகும் ரயிலில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஏதோ ஒரு வழியாகப் பேச்சு அங்கே வந்துவிடும். "தூரம் நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் ஓடோணும். வலி இல்லைன்னு உக்காந்துக்காதீங்க," என்பார். கன்னடம் அரைகுறை. அதனால் கையையும் சேர்த்துப் பேசுவார். ஒரு முறை எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார். "போகட்டும், இடம் விசாலமாச்சு" என்றார் அத்தை.

எனக்கு வெள்ளைப்படுவது நின்றது. இடுப்பு வலி எப்போது போயிற்று என்று சொல்லத் தெரியாது. ஒரு நாள் தேவராஜா மார்க்கெட்டில் காய்ப்பையோடு நடந்துகொண்டிருந்தபோது, வலிக்கவில்லையே என்று திடீரென்று உறைத்தது. அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு திட்டினார். அதற்கும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறு வருஷம் உண்டானேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "தையல் நல்லா இருக்கு. ஆனா நான் அதை நம்பி மட்டும் விடமாட்டேன். நாலாம் மாசத்திலிருந்து படுக்கை. எழுந்து குழாயடிக்குப் போனேன்னு கேட்டா நர்ஸம்மாவை அடிக்க அனுப்புவேன்" என்றார்.

நான் படுத்தேன். அத்தைக்கு அந்த மாதங்களில் முழங்கால் வீங்கி, குனிய முடியாமல் போயிற்று. அப்போது என் புடவைகளையும் உள்துணிகளையும் என் கணவர் துவைத்தார். பொதுக் கல்லில், எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில். முதல் நாள் குழாயடியே பேச்சற்றுப் போயிற்றாம். ஒருவர் மட்டும் கேட்டிருக்கிறார், "ஏன்ப்பா, பொம்பளத் துணிய நீ துவைக்கிறியே?" என்று. "என்ற பொண்டாட்டி துணிதானுங்க" என்று சொல்லிவிட்டு இவர் பிழிந்துகொண்டே இருந்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும். அவர் எல்லாவற்றையும் நல்ல வெயிலில், நடுக்கொடியில்தான் உலர்த்தினாராம்.

ஐந்தாம் மாதம் வந்தது, போனது. ஆறாம் மாதமும். குழந்தை உதைக்கும்போதெல்லாம் அத்தையைக் கூப்பிட்டுக் கையை வைத்துப் பார்க்கச் சொல்வேன். தசரா வந்தது. ஊர்வலத்து யானைகளையும் பட்டாளத்து வாத்தியத்தையும் பார்க்க வட்டாரமே காலியாகிவிட்டது. நான் மட்டும் படுத்தபடி தொலைவிலிருந்து வரும் வாத்தியச் சத்தத்தைக் கேட்டேன். அத்தை போகவில்லை. முழங்காலைச் சாக்குச் சொன்னார்.

தை மாதம் ஆஸ்பத்திரியில் பிரசவம். தைத்த இடம் விரிய நேரமெடுத்தது. இந்த முறை யாரும் "முக்கு" என்று அவசரப்படுத்தவில்லை. "இன்னும் இல்லை, மூச்சு விடு, இன்னும் இல்லை" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த "இன்னும் இல்லை" என்ற வார்த்தையை முதல் பிரசவத்தில் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் என்று அந்த வலியிலும் நினைத்தேன். கடைசியில் "ஈகா!" என்றார், இப்போது என்று. பெண் குழந்தை. தலை வெளியே வந்ததுமே அழுதாள். நான் கேட்டிருந்த எந்தச் சங்கீதமும் அதற்கு ஈடில்லை என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் நான் அதற்கு முன் அழாத குழந்தையைப் பெற்றவள்.

அதற்குப் பின் எனக்குக் குழந்தை இல்லை. அதில் குறையும் இல்லை. அத்தை பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வட்டாரமெங்கும் சுற்றினார். அவள் பள்ளிக்கூடம் போய்க் கன்னடத்தில் பாட்டுச் சொல்ல, அதைத் தப்புத் தப்பாகத் திருப்பிச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார். நிறைந்த வயதில், முழங்காலைத் தவிர வேறு நோவு எதுவும் இல்லாமல் போனார்.

மகளுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது டாக்டரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டதாக நர்ஸம்மா வந்து சொன்னார். ஒரு பந்து மல்லிகையும் கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தா அன்றைக்கும் நிறைந்திருந்தது. என் முறை வந்து உள்ளே போய்ப் பூவை அவர் மேசையில் வைத்துக் கும்பிட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"என்னாயிடுத்து உனக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. நீங்க தெச்சு விட்டீங்களே. இந்தக் கொழந்தை அப்புறம் பொறந்தது."

அவர் மகளைப் பார்த்தார். என்னை மறுபடி பார்த்தார். நினைவுக்குக் கொண்டுவர முயன்றார், வரவில்லை. எனக்கு அது வருத்தமாகவே இல்லை. அந்த வராந்தாவில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேரைத் தைத்து அனுப்பியிருந்தால் என்னை மறந்திருப்பார்!

"புள்ள நல்லாயிருக்கா. சந்தோஷம்," என்றார். உடனே, "இப்போ வெள்ளை உண்டா? நடுவில ரத்தம் படுதா?" என்றார்.

"இல்லீங்கம்மா."

"கடைசியா எப்போ பார்த்தது?"

குழந்தை பிறந்த பிறகு ஒரு தடவை பார்த்தது, அவ்வளவுதான் என்றேன்.

"தெச்ச இடத்தை அப்பப்போ பாக்கணும். பூ கொண்டுவந்தா போதுமா? ஏறு மேலே," என்று மேசையைக் காட்டினார்.

மகளை நர்ஸம்மா வெளியே கூட்டிப்போனார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மேசையில் ஏறிப் படுத்தேன். டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை.

"சொகமா இருக்கு," என்றார். "போ. அடுத்தவளை வரச் சொல்லு."